ஸ்க்ரப் டைபஸ் டிடெக்ட் ஐஜிஎம் எலைசா கிட்: ஆய்வக மேசையில் எப்படி?

ஸ்க்ரப் டைபஸ் என்ற பாக்டீரியாக் காய்ச்சலில் உடல் உருவாக்கும் ஐஜிஎம் என்ற எதிர்ப்புரதத்தை ரத்தத்தில் தேடி, நிறமாற்றத்தை எண்ணாகத் தரும் டெஸ்ட் கிட் இது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நல்ல கிட். ஆனால் பாதி வேலையைத்தான் பெட்டிக்குள் வைத்துத் தருகிறார்கள். எந்த எண்ணுக்கு மேல் போனால் பாசிட்டிவ் என்று தீர்மானிக்கும் மீதிப் பாதி வாங்குகிறவர் தலையில் விழுகிறது. அதைச் செய்யாமல் ப்ளேட்டை ஓட்டி ரிப்போர்ட் அடித்துக் கொடுத்தால், கிட் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

ஸ்க்ரப் டைபஸைத் தமிழில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதிப் பழகிவிட்டோம். அந்தப் பெயரே பல டாக்டர்களைத் திசை திருப்புகிறது. மாட்டின் காதில் ஒட்டிக்கொண்டு ஆமணக்குக் கொட்டை மாதிரி உப்பும் உண்ணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கடிப்பது லெப்டோட்ராம்பிடியம் என்ற சிற்றுண்ணியின் ஆறுகால் குஞ்சு. அளவு சுமார் 0.2 மில்லிமீட்டர். வளர்ந்த சிற்றுண்ணி மனிதரைத் தொடுவதே இல்லை, மண்ணிலேயே வாழ்ந்து முடித்துவிடும். குஞ்சும் ரத்தம் குடிப்பதில்லை. எச்சிலால் தோலைக் கரைத்து, அந்தத் திசுச் சாற்றை உறிஞ்சும். வலியும் இருக்காது. அதனால் "உண்ணி ஏதாவது கடித்ததா?" என்று கேட்டால் நோயாளி இல்லை என்றுதான் சொல்வார். காய்ச்சல் வருவது பெரும்பாலும் கடித்துப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து. அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு, மார்பின் கீழ்மடிப்பு என்று தேடிப் பார்த்தால் சிலருக்கு சிகரெட்டால் சுட்டது போன்ற கறுத்த எஸ்கார் (கடித்த இடத்துப் பொருக்கு) கிடைக்கும். கிடைத்தால் பாதி நோயறிதல் அங்கேயே முடிந்தது. கிடைக்காதவர்களுக்குத்தான் இந்தக் கிட்.

தயாரிப்பது அமெரிக்காவின் சியாட்டிலில் உள்ள இன்பயாஸ் நிறுவனம். 96 வெல் (சிறு குழி) கொண்ட ப்ளேட், பிரித்தெடுக்கும் ஸ்ட்ரிப்களாக வருகிறது. வெல்களின் அடியில் ஒட்டியிருப்பது ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி பாக்டீரியாவின் மேற்பரப்பில் உள்ள, 56 கிலோடால்டன் எடையுள்ள புரதம். இதை நிஜமான பாக்டீரியாவிலிருந்து எடுப்பதில்லை. மரபணுவை வேறு செல்லில் ஏற்றி வளர்த்த மறுசேர்க்கைப் புரதம். இந்த ஒரு விஷயத்துக்காகவே கிட்டைப் பாராட்டலாம். ஓரியன்ஷியா உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே வளரும். அதை வளர்த்து ஆன்டிஜென் (ஐஜிஎம் ஒட்டும் பாக்டீரியாப் பொருள்) எடுக்க மூன்றாம் நிலை உயிர்ப்பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும். மறுசேர்க்கைப் புரதம் வந்த பிறகுதான் சாதாரண சீராலஜி மேசையிலேயே இந்த டெஸ்ட் சாத்தியமாயிற்று.

56 கிலோடால்டன் புரதத்தில் ஒரு சிக்கல் உண்டு. பாக்டீரியாவின் வெவ்வேறு ஸ்ட்ரெய்ன்களில் (உள்வகைகளில்) மிக அதிகமாக மாறுபடுவது இதே புரதம்தான். ஒரு ஸ்ட்ரெய்னின் புரதத்தை மட்டும் வைத்தால் இன்னொன்றுக்கு உருவான ஐஜிஎம் சரியாக ஒட்டாமல் போகலாம். அதனால் கார்ப், கேட்டோ, கில்லியம், டிஏ716 ஆகிய நான்கின் புரதங்களையும் கலந்து பூசியிருக்கிறார்கள். கார்ப் 1943-ல் நியூ கினியில் பிரித்தெடுத்தது. கில்லியம் அதே ஆண்டில் பர்மா எல்லைப் பக்கம். கேட்டோ ஜப்பானின் நீகாட்டாவிலிருந்து வந்தது, டிஏ716 தாய்லாந்துக்காரர். ஜப்பான் முதல் வட ஆஸ்திரேலியா வரை, மேற்கே பாகிஸ்தான் வரை விரியும் பழைய 'சுட்சுகாமுஷி முக்கோணத்துக்கு' இந்தக் கலவை போதும் என்று சொல்லலாம். துபாயில் தொற்றிய ஒருவரிடம் கண்டறிந்து 2010-ல் அறிவித்த ஓரியன்ஷியா சுட்டோ, தென் அமெரிக்காவில் சிலியின் சிலோயே தீவுப் பக்கம் தென்படும் இன்னொரு ஓரியன்ஷியா போன்ற தூரத்து உறவுகளுக்கு இதே நம்பிக்கையை நீட்ட முடியாது.

மேசை வேலைக்கு வருவோம். கிட் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும், உறையக் கூடாது. ஃப்ரிட்ஜின் பின்சுவரை ஒட்டி வைத்தால் சில மாடல்களில் கான்ஜுகேட் (என்சைம் பூட்டிய எதிர்ப்புரதக் கரைசல்) உறைந்துவிடும். நடுத் தட்டு பாதுகாப்பு. வேலை தொடங்கும் முன் எல்லாப் பாட்டில்களும், ப்ளேட் உள்ள அலுமினியப் பையும், பை திறக்காமலேயே அறை வெப்பத்துக்கு வர வேண்டும். அரை மணி நேரமாவது பிடிக்கும். அவசரப்பட்டுக் குளிர்ந்த பையைத் திறந்தால் வெல்களில் ஈரம் படியும். மிச்ச ஸ்ட்ரிப்களின் ஆயுள் அந்த நிமிடமே குறையத் தொடங்கும். திறந்ததும் தேவையான ஸ்ட்ரிப்களை எடுத்துக்கொண்டு, மீதியை அதே பையில் ஈர உறிஞ்சிப் பொட்டலத்தோடு போட்டு இறுக மூடி, திறந்த தேதியைப் பையின் மேல் எழுதி வையுங்கள்.

சீரத்தை (ரத்தம் உறைந்ததும் பிரியும் தெளிநீர்) 1:100 ஆக நீர்க்க வேண்டும். 4 மைக்ரோலிட்டர் சீரம், 396 மைக்ரோலிட்டர் கரைப்பான். இந்த 4 மைக்ரோலிட்டரில்தான் முதல் பிழை நுழைகிறது. பைப்பெட் டிப்பின் வெளிப்பக்கம் ஒட்டிய ஒரு துளி சீரமே 1 மைக்ரோலிட்டர் இருக்கும், அதாவது 25 சதவீதம் கூடுதல். டிப்பைச் சீரத்தின் மேற்பரப்புக்குக் கொஞ்சம் கீழே மட்டும் விட்டு எடுத்து, குழாயின் விளிம்பில் ஒரு தரம் தொட்டு, கரைப்பானுக்குள் விட்டு நாலைந்து முறை உறிஞ்சித் தள்ள வேண்டும். 20 மைக்ரோலிட்டர் பைப்பெட்டில் 4 அளப்பதை விட 10 மைக்ரோலிட்டர் பைப்பெட்டில் அளப்பது மேல். இல்லையென்றால் 10-க்கு 990 என்று இரண்டையும் பெரிதாக்கிக் கொள்ளலாம், விகிதம் அதேதான்.

நீர்த்த சாம்பிள் வெல்லுக்கு 100 மைக்ரோலிட்டர், 37 டிகிரியில் 30 நிமிடம். ஆறு முறை வாஷ். பிறகு மனித ஐஜிஎம்முக்கு எதிரான, எச்ஆர்பி என்சைம் பூட்டிய கான்ஜுகேட் 100 மைக்ரோலிட்டர், மறுபடி 37 டிகிரியில் 30 நிமிடம். மறுபடி ஆறு வாஷ். நிறம் தரும் டிஎம்பி கரைசல் 100 மைக்ரோலிட்டர், இருட்டில் 10 நிமிடம். நிறுத்தும் அமிலம் 50 மைக்ரோலிட்டர் விட்டதும் நீலம் மஞ்சளாகும். 450 நானோமீட்டரில் ரீடரில் வைத்துப் படிக்கலாம். நிறத்தின் அடர்த்தியைக் காட்டும் அந்த எண்தான் ஓ.டி. தயாரிப்பு, நீர்த்தல் எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரத்தில் முடியும் வேலை. லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறும்போது உள்ளே இருக்கும் தாளை ஒரு தடவை திரும்பப் படித்துவிடுங்கள், "எப்போதும் போலத்தான்" என்று விட்டுவிடாமல்.

இதில் கெடுவது பெரும்பாலும் வாஷ். கழுவாமல் தங்கிய கான்ஜுகேட் ஐஜிஎம் இருப்பதாகவே நடிக்கும். ஒவ்வொரு வாஷுக்கும் வெல் நிறைய, சுமார் 300 மைக்ரோலிட்டர் போக வேண்டும், வழிந்து பக்கத்து வெல்லில் விழக் கூடாது. கடைசி வாஷ் முடிந்ததும் ப்ளேட்டைக் கவிழ்த்து, உறிஞ்சு காகிதத்தின் மேல் ஓங்கித் தட்ட வேண்டும். மெல்லத் தட்டினால் அடியில் ஒரு படலம் தங்கும், அதுவே டிஎம்பியை நீர்த்துப்போகச் செய்யும். இயந்திர வாஷர் வைத்திருப்பவர்கள் நாள் முடிவில் காய்ச்சி வடித்த நீரால் ஓட்டி விடாவிட்டால் உப்பு படிந்து ஓரிரு ஊசிகள் அடைத்துக்கொள்ளும்.

ப்ளேட்டைப் பார்த்தே என்ன தவறு என்று சொல்லிவிடலாம், ரீடரே வேண்டாம். ஒரு வரிசை மட்டும் முழுக்க மஞ்சளாக இருந்தால் வாஷரில் அடைத்த ஊசி. ஓர வெல்கள் எல்லாம் நடு வெல்களை விட அடர்த்தியாக இருந்தால் வெப்பம் சமமாகப் பரவவில்லை. இன்குபேட்டருக்குள் இரண்டு ப்ளேட்டை ஒன்றன் மேல் ஒன்று அடுக்கினால் இது நடக்கும், மூடி போடாமல் வைத்தாலும் நடக்கும். இடமிருந்து வலம் போகப் போக நிறம் வெளிறிக்கொண்டே போனால் டிஎம்பி விட்டவர் ஒற்றைப் பைப்பெட்டில் நிதானமாக விட்டிருக்கிறார். முழு ப்ளேட்டுக்கு மூன்று நிமிடம் எடுத்தால், பத்து நிமிட வினையில் முதல் வெல்லுக்கும் கடைசி வெல்லுக்கும் 30 சதவீத வித்தியாசம். அமிலத்தை டிஎம்பி விட்ட அதே வரிசையில், அதே வேகத்தில் விட்டால் இது சரியாகும். எட்டுவாய் பைப்பெட் இருந்தால் இந்தப் பேச்சே எழாது. நெகட்டிவ் கன்ட்ரோல் (நோயில்லை என்று தெரிந்தே வைக்கும் சாம்பிள்) உட்பட எல்லாமே மஞ்சள் என்றால் வாஷ் போதவில்லை, அல்லது டிஎம்பி பாட்டிலுக்குள் கான்ஜுகேட் தொட்ட டிப் போயிருக்கிறது. பாட்டிலிலேயே டிஎம்பி நீலம் தட்டியிருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். பாசிட்டிவ் கன்ட்ரோல் மட்டும் நன்றாக வந்து, ஏதோ ஒரு இடத்திலிருந்து வந்த சாம்பிள்கள் எல்லாம் வெளிறிக் கிடந்தால், அங்கே சீரத்தில் சோடியம் அசைடு போட்டு அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். அசைடு எச்ஆர்பி என்சைமை முடக்கிவிடும்.

இனி அந்த மீதிப் பாதி, கட்-ஆஃப். டெங்கு கிட் மாதிரி கன்ட்ரோலை வைத்து ஒரு சூத்திரம் போட்டு பாசிட்டிவ், நெகட்டிவ் என்று பிரித்துவிடும் வசதி இதில் கிடையாது. நோய் உள்ள பகுதியில் ஆரோக்கியமானவர்களுக்கே அடிப்படையாகக் கொஞ்சம் ஐஜிஎம் இருக்கும், அது இடத்துக்கு இடம் மாறும். அதனால் உங்கள் பகுதியின் ஆரோக்கியமானவர்களின் சீரத்தை ஓட்டி, சராசரியோடு திட்டவிலக்கத்தின் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) மூன்று மடங்கைக் கூட்டி, அதைக் கட்-ஆஃப் ஆக வையுங்கள் என்பதுதான் வழிமுறை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) வழிகாட்டுதல் ஓ.டி. 0.5 என்று ஓர் எண் தருகிறது. அதே மூச்சில் வட்டார அடிப்படையைப் பாருங்கள் என்றும் சொல்கிறது. முதல் பாதி எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

மூன்று மடங்குக் கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. 40 ஆரோக்கியமானவர்களின் சீரம் ஓட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 0.18, திட்டவிலக்கம் 0.09. கட்-ஆஃப் 0.45. இப்போது அந்த 40 பேரில் இரண்டு பேர் மட்டும் சில மாதம் முன்பு தெரியாமலேயே ஸ்க்ரப் டைபஸ் வந்து போனவர்கள், ஆளுக்கு ஓ.டி. 1.2 காட்டுகிறார்கள் என்று கொள்ளுங்கள். மீதி 38 பேர் மாறவே இல்லை. சராசரி 0.23 ஆகிறது, திட்டவிலக்கம் 0.24-க்குத் தாவுகிறது. கட்-ஆஃப் 0.95! இரண்டே பேரால் இரு மடங்கு. ஓ.டி. 0.7 காட்டும் நிஜ நோயாளி இனி நெகட்டிவ். ஆகவே எண்களைக் கூட்டும் முன் ஒரு தாளில் புள்ளி புள்ளியாக வைத்துப் பாருங்கள். கூட்டத்தை விட்டுத் தனியே நிற்பவர்களை ஐஜிஜி (பிறகு உருவாகி நீடிக்கும் எதிர்ப்புரதம்) டெஸ்டோ இம்யூனோஃப்ளோரசன்ஸோ (ஒளிரும் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்ப்பது) செய்து பார்த்து, பழைய தொற்று என்றால் நீக்குங்கள். ஆரோக்கியமானவர்கள் என்று நகரத்து ரத்த வங்கியில் மட்டும் எடுத்தாலும் தவறு. புதருக்கும் வயலுக்கும் போகிற ஜனத்திடமிருந்து நோயாளிகள் வருகிறார்கள் என்றால் ஒப்பீடும் அந்த ஜனத்திலிருந்தே வர வேண்டும்.

கட்-ஆஃபைச் சரியாக வைத்தாலும் பாசிட்டிவ் என்ற சொல்லின் எடை சாம்பிள் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. பேச்சுக்கு, டெஸ்டின் உணர்திறனும் (நோயுள்ளவரைப் பிடிப்பது) தனித்திறனும் (நோயில்லாதவரை விலக்குவது) 95 சதவீதம் என்று வைப்போம். சீசன் உச்சத்தில், காய்ச்சலோடு வரும் 1000 பேரில் 200 பேருக்கு நிஜமாகவே ஸ்க்ரப் டைபஸ் என்றால், 190 உண்மை பாசிட்டிவ், 40 பொய் பாசிட்டிவ். நூற்றுக்கு 83 நம்பலாம். சீசன் இல்லாத மாதத்தில் 1000-க்கு 20 பேர்தான் என்றால் 19 உண்மை, 49 பொய். நூற்றுக்கு 28. கிட் அதேதான், மாறியது மாதம் மட்டும். காய்ச்சல் என்று வந்தவர் எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு இந்த டெஸ்டை எழுதும் வழக்கம் இதனால்தான் எரிச்சல் தருகிறது.

காய்ச்சல் எத்தனையாவது நாள் என்பதும் அதே அளவு முக்கியம். ஐஜிஎம் தலைதூக்க முதல் வாரத்தின் கடைசி ஆகிவிடும். மூன்றாம் நாள் ரத்தத்தில் நெகட்டிவ் வந்தால் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. அந்த நாளுக்குப் பாக்டீரியாவின் மரபணுவையே தேடும் பிசிஆர்தான் சரி: முழு ரத்தத்தில் அல்லது வெள்ளையணுப் படலத்தில், எஸ்கார் இருந்தால் அதன் பொருக்கில். பொருக்கில் பாக்டீரியா குவிந்திருப்பதால் ரத்தத்தில் பிடிபடாததும் அங்கே பிடிபடும், மருந்து தொடங்கிச் சில நாள் ஆன பிறகும் கூட. மறுமுனையில் இன்னொரு தொல்லை. ஐஜிஎம் இறங்க மாதக்கணக்காகும், சிலருக்கு ஒரு வருடம் வரை கூட. போன மழைக்காலத்து ஸ்க்ரப் டைபஸ் இந்த மழைக்காலத்து டெங்குக் காய்ச்சலின்போது பாசிட்டிவ் காட்டும். இது வெல்லில் ஆன்டிஜென் பூசிய மறைமுக எலைசா என்பதால், ருமட்டாய்டு ஃபேக்டர் (மூட்டுவாதத்தில் காணும், டெஸ்டைக் குழப்பும் எதிர்ப்புரதம்) அதிகம் உள்ளவர்களிடமும் ஒரு சந்தேகப் பார்வை வேண்டும். சந்தேகம் தீர, 10 முதல் 14 நாள் கழித்து இரண்டாவது சாம்பிள் எடுத்து இரண்டையும் ஒரே ப்ளேட்டில் பக்கத்துப் பக்கத்து வெல்லில் ஓட்ட வேண்டும். வேறு வேறு நாளில் ஓட்டிய ஓ.டி.க்களை ஒப்பிட்டு ஏறியது, இறங்கியது என்று சொல்லாதீர்கள்.

இதற்கு மாற்று என்ன என்று கேட்டால், வெய்ல்-ஃபெலிக்ஸ் என்ற பழைய டெஸ்ட் இன்னும் சாகவில்லை. 1916-ல் எட்மண்ட் வெய்லும் ஆர்தர் ஃபெலிக்ஸும் கண்டுபிடித்தது. டைபஸ் நோயாளியின் சீரம் சம்பந்தமே இல்லாத புரோட்டியஸ் பாக்டீரியாவைத் திரட்டுகிறது என்ற தற்செயலின் மேல் கட்டிய டெஸ்ட். ஸ்க்ரப் டைபஸுக்கு ஓஎக்ஸ்-கே என்ற புரோட்டியஸ் வகை, மற்ற டைபஸுக்கு வேறு வகை. 1920-களில் மலாயாவில் ஃப்ளெச்சரும் லெஸ்லரும் நகரத்து டைபஸையும் புதர்க்காட்டு டைபஸையும் பிரித்தறிய இந்த வேறுபாடுதான் கைகொடுத்தது. சரித்திரத்தில் பெரிய இடம். நோயாளிகள் பலரை நழுவவிடும் என்பதால் இன்றைய மேசையில் சிறிய இடம். ரீடரும் மின்சாரமும் நிச்சயமில்லாத இடத்தில் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ரேபிட் கார்டு 15, 20 நிமிடத்தில் முடிவு சொல்லும். பிராண்டுக்குப் பிராண்டு தரம் ஏகப்பட்ட வித்தியாசம். தாளில் போட்ட நேரம் தாண்டி எழும் மெல்லிய கோட்டைப் பாசிட்டிவ் என்று எழுதுவது அங்கே நடக்கும் பெரிய தவறு. பொற்தரம் என்று பெயர் வாங்கிய இம்யூனோஃப்ளோரசன்ஸ், இரண்டு சாம்பிளில் நான்கு மடங்கு ஏற்றம் பார்க்கிறது. ஸ்லைடு எங்கே மங்குகிறது என்பது பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தது; அந்தப் பொன்னிலும் செம்பு கலந்திருக்கிறது. எலைசா எண்ணாகத் தருகிறது, இரண்டு பேர் படித்தாலும் ஒரே எண். எனவே தினசரி வேலைக்கு இதையே தேர்ந்தெடுக்கலாம்.

வாங்கும் முன் ஒரு கணக்கு. பாசிட்டிவ், நெகட்டிவ் கன்ட்ரோல்களை இரட்டையாக வைத்தால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் 4 வெல் போய்விடும். நாளுக்கு 4 சாம்பிள் என்று தினமும் ஓட்டினால் 8 வெல்லில் பாதி கன்ட்ரோலுக்கே போகிறது. ஒரு கிட்டில் 48 பேருக்குத்தான் பார்க்க முடியும். 20 சாம்பிள் சேர்த்து ஓட்டினால் 80 பேர், ஒரே மூச்சில் ஓட்டினால் 92 பேர். சாம்பிள் குறைவாக வரும் ஆய்வகம் வாரம் இரண்டு நாள் என்று வைத்துக்கொள்வது இதனால்தான், அதில் தவறில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை எடுத்த ரத்தத்துக்கு வெள்ளிக்கிழமைதான் முடிவு என்பதை வார்டுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் தொடங்கினால் பெரும்பாலானவர்களுக்கு 48 மணி நேரத்துக்குள் காய்ச்சல் இறங்கும் நோய் இது. தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று போகும். கடுமையான நோய்க்கு டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து ரத்தநாளத்தில் செலுத்துவது ஒன்றை மட்டும் கொடுப்பதை விட மேல் என்று இந்தியாவில் நடத்தி 2023-ல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. சந்தேகம் வந்ததும் மருந்து, ப்ளேட் தன் கிழமையில் ஓடட்டும். மருந்து தொடங்கிவிட்டார்கள் என்பதற்காக ஐஜிஎம் உடனே மறைந்துவிடாது.

ரிப்போர்ட்டில் வெறும் 'பாசிட்டிவ்' என்று எழுதாமல், ஓ.டி. இவ்வளவு, எங்கள் கட்-ஆஃப் இவ்வளவு, சாம்பிள் காய்ச்சலின் இத்தனையாவது நாள் எடுத்தது என்று மூன்றையும் எழுதுங்கள். மூன்றாவது தகவல் படிவத்தில் இல்லாமல்தான் பெரும்பாலும் வருகிறது. ரத்தம் எடுக்கும் இடத்துக்கு ஃபோன் போட்டுக் கேட்டு வாங்கிய பிறகு பைப்பெட்டை எடுக்கலாம்.